பொழிச்சலூருக்கு நேர் பஸ்

ஜூன் 9, திங்கள்

இல்லை, பஸ்ஸை நிறுத்திவிட்டோம் என்று யாரும் சொல்லவில்லை. வரவில்லை, அவ்வளவுதான். ஒரு போர்டு இல்லை, அறிவிப்பு இல்லை. போன வாரம் சில நாள் வந்தது, சில நாள் வரவில்லை. பிரேக்டவுன் என்று நினைத்துக்கொண்டோம்.

காலையிலேயே புழுக்கம். அக்னி நட்சத்திரம் முடிந்துவிட்டதாகக் காலண்டர் சொல்கிறது. காலண்டர் என்ன வேண்டுமானாலும் சொல்லும்.

அம்மா கண்ணாடியை மறந்துவிட்டுப் போயிருந்தாள். கொடுக்கப் போனேன். ராஜகீழ்ப்பாக்கம் ஸ்டாப்பில் வழக்கமான பெண்கள் எல்லோரும் அப்படியே நின்றுகொண்டிருந்தார்கள். அம்மா, குரோம்பேட்டை ஆஸ்பத்திரியில் துப்புரவு வேலை செய்யும் விமலா, இன்னும் சிலர். அவர்களுக்கு முன்னால், சாலையோரத்தில், மூர்த்தி.

மூர்த்தி பஸ் ஏறுகிறவர் இல்லை. பஸ்ஸை நிறுத்துகிறவர். எங்கள் நகரே ஒரு காலத்தில் அவர் அப்பாவின் நெல்வயல். இப்போது அவருக்கு ஹார்டுவேர் கடை. டீ குடிக்க வருகிறவர், கை காட்டிவிட்டுப் போவார். முன்பக்கம் ரோஸ் அடித்த பஸ்ஸில் பெண்களுக்கு டிக்கெட் இலவசம். அதனாலேயே, ஸ்டாப்பில் பெண்கள் மட்டும் நின்றால் டிரைவருக்குக் கண் தெரியாது. ஓர் ஆண் முன்னால் நின்று கையை நீட்ட வேண்டும். பஸ் நின்றதும் மூர்த்தி நகர்ந்துகொள்வார். டிரைவர் ஏதாவது திட்டுவார். மூர்த்திக்கு அது ஒரு தினசரி வெற்றி.

பெண்களுக்கு இலவசம். நிறுத்த ஓர் ஆண் தேவை. திட்டத்திலேயே சேர்த்து எழுதியிருக்கலாம்.

"இன்னா டீச்சர், நம்ம வண்டி காணோமே."

"உங்க கைக்கு ராசி போயிடுச்சு மூர்த்தி."

"கை நல்லாத்தான் கீது டீச்சர். காட்றதுக்குத்தான் வண்டி இல்ல."

எல்லோரும் சிரித்தார்கள். அம்மாவும். பிறகு ஷேர் ஆட்டோவில் ஏறினாள். ஏறும்போது முழங்காலை இரண்டு கையாலும் தூக்கி உள்ளே வைத்ததைப் பார்த்தேன். வேறு யாருடைய காலையோ தூக்கி வைப்பது போல.

ஜூன் 10, செவ்வாய்

அம்மாவின் பாதை, முன்பு: ரா.கீ.பாக்கத்தில் ஏறுவது. உட்கார்வது. பொழிச்சலூரில் இறங்குவது. பள்ளிக்கூடம்.

இப்போது: ஷேர் ஆட்டோவில் தாம்பரம். ஸ்டேஷன் படி ஏற்றம். இறக்கம். ரயில். பல்லாவரத்தில் மறுபடி ஏற்றம், மறுபடி இறக்கம். இன்னொரு ஆட்டோ, பம்மல் நெரிசல் வழியாக. எஸ்கலேட்டருக்குக் குறுக்கே ஒரு தடுப்பைச் சாய்த்து வைத்திருக்கிறார்கள். அதன் கீழ்ப்படியில் ஒரு நாய் தூங்குகிறதாம். எஸ்கலேட்டரால் பயனடையும் ஒரே உயிர்.

படி ஏறக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். அதனால்தான் நேர் பஸ். நான் பாவாடை சட்டை போட்ட காலத்திலிருந்து அதே பஸ், அதே பள்ளிக்கூடம், அதே ரெண்டாம் கிளாஸ். ஓய்வு பெற இன்னும் இரண்டு வருஷம். காலைக் கூட்டத்தில் ஜெபம் சொல்ல வேண்டியது அம்மா. இன்று ஜெபம் முடிந்து, பிள்ளைகள் வகுப்புக்குப் போன பிறகு போய்ச் சேர்ந்தாள். எச்.எம். கடிகாரத்தைப் பார்த்தாராம்.

என் ஸ்கூட்டரில் உட்கார அந்த முழங்கால் மடங்காது. காலை நேரத்தில் டாக்ஸி புக் செய்தால் போன் திரையில் வட்டம் சுற்றுகிறது, சுற்றிக்கொண்டே இருக்கிறது.

இரவுச் சாப்பாட்டில் அண்ணன்: "விஆர்எஸ் குடுத்துடும்மா. எதுக்கு இந்த அவஸ்தை?"

அம்மா ரசத்தைக் கரண்டியால் கலக்கினாள். "ரெண்டாம் கிளாஸ்ல இந்த வருஷம் ஒரு பையன் வந்திருக்கான்பா. பேசவே மாட்டேங்கிறான். இன்னிக்கு பென்சில் வேணும்னு கேட்டான்."

அது பதில் என்று அண்ணனுக்குப் புரியவில்லை.

ஜூன் 12, வியாழன்

கார்.

அண்ணன் நேற்றே அறிவித்துவிட்டான்: "நாளைலேர்ந்து நான் டிராப் பண்றேன்." அவன் ஆபீஸ் பழைய மகாபலிபுரம் சாலையில். பள்ளிக்கூடத்துக்கு நேர் எதிர்த்திசை. "பரவாயில்லை, மா" என்றான்.

போன வருஷம் வாங்கியது. வாங்கிய அன்று பாஸ்டர் பானெட்டில் கை வைத்து ஜெபித்தார், இந்த வாகனம் அநேகருக்கு ஆசீர்வாதமாக இருக்கட்டும் என்று. வீட்டில் நிறுத்த இடம் இல்லை. தெருவில், ஒரு பக்கச் சக்கரம் சாக்கடை மூடி மேல். எதிர்வீட்டுக் காரும் அப்படியே. நடுவில் மிஞ்சுவதுதான் தெரு. தண்ணி லாரி வந்தால் எல்லோரும் சாவியை எடுத்துக்கொண்டு வெளியே ஓட வேண்டும்.

நானும் ஏறிக்கொண்டேன். பல்லாவரத்தில் ஒரு வேலை என்று சொன்னேன். வேலை இல்லை.

நேராகப் போக முடியாது. இடது பக்கம் திரும்பி, கொஞ்ச தூரம் போய், யூ டர்ன் போட்டு, புறப்பட்ட இடத்துக்கு எதிரே வந்து, அங்கிருந்து போக வேண்டும். எல்லோரும் அதையே செய்கிறார்கள். ஒரு காருக்கு ஒருவர். எல்லாக் கண்ணாடியும் ஏற்றியிருக்க, எல்லோரும் தனியாக எதையோ பேசிக்கொண்டு.

அம்மா முன்சீட்டில், பெல்ட் போட்டு, சாப்பாட்டுப் பையை மடியில் வைத்துக்கொண்டு. ஒவ்வொரு ஸ்டாப்பையும் பார்த்துக்கொண்டே வந்தாள். சேலையூரில்:

"அதோ விமலா நிக்கிறா. இங்க வரைக்கும் நடந்தே வந்திருக்கா. ஏத்திக்கலாமேப்பா. பின்னாடி இடம் இருக்கே."

"மா, இது ஷேர் ஆட்டோ இல்ல. இங்க நிறுத்தினா பின்னாடி இருக்கறவன் இறங்கி வந்து அடிப்பான்."

விமலா எங்களைப் பார்த்தாள் என்று நினைக்கிறேன். கண்ணாடி கறுப்பு.

குரோம்பேட்டையில் அசையவில்லை. அண்ணனின் மேனேஜர் ஸ்பீக்கரில். நெட்வொர்க் சரியில்லை என்று பொய். அம்மா மணியைப் பார்த்தாள். இன்னொரு முறை பார்க்காமலிருக்கக் கையை முந்தானைக்குள் வைத்துக்கொண்டாள்.

"நான் இங்கயே இறங்கி ஒரு ஆட்டோ பிடிச்சிக்கறேன்பா."

"இறங்காதம்மா. உனக்காகத்தானே வாங்கினேன் இந்த வண்டி."

"எனக்காகன்னா நீ பஸ்ஸை வாங்கியிருக்கணும்."

யாரும் சிரிக்கவில்லை. நல்ல வாக்கியம். அதனால் இங்கே எழுதி வைக்கிறேன்.

ஆட்டோவை விடத் தாமதமாகச் சேர்ந்தோம். அண்ணன் ஆபீசுக்கு மத்தியானம். அவன்மேல் கோபப்படவும் முடியவில்லை. திரும்பி வரும் வழி முழுக்க ஸ்டியரிங்கைத் தட்டிக்கொண்டே வந்தான். தாளம் இல்லாமல்.

ஜூன் 14, சனி

டெப்போ. அம்மா, விமலா, நான்.

பெரிய வெளி. எண்ணெய்க் கறை. ரோஸ் முகத்தோடு பஸ்கள் வரிசையாக, தண்டனையில் நிற்பவை போல. டைம்கீப்பர் அறையில் ஒரு மின்விசிறி, ஒரு சாமி படம், வாழைப்பழம். ஆள் மோசமில்லை. அம்மாவுக்கு நாற்காலி கொடுத்தார்.

"எந்த ரூட்டும்மா? அதுவா. ஆள் இல்லன்னு எடுத்துட்டாங்க."

"ஆள் இல்லியா?" விமலா. "தொங்கிகினு போறோம் சார் நாங்க."

"தொங்குனீங்க. டிக்கெட் வாங்குனீங்களா?"

"லேடீஸுக்கு ஃப்ரீ தானே சார்."

"ஃப்ரீதான். ஃப்ரீன்னா டிக்கெட்டே இல்லன்னு அர்த்தமா? உங்களுக்குன்னு தனியா சைபர் டிக்கெட் கீதுல்ல. மெஷின்ல அத அடிச்சாத்தான் ஆளு. அடிக்கலன்னா நீங்க ஏறவே இல்ல."

விமலா அம்மாவைப் பார்த்தாள். அம்மா தரையைப் பார்த்தாள்.

இதை நிதானமாக எழுத வேண்டும். இலவசம் என்று அறிவித்த முதல் நாள் அம்மா வழக்கம்போல் சில்லறையை நீட்டியிருக்கிறாள். கண்டக்டர் இளங்கோ, "வேணாம் டீச்சர், இனிமே ஃப்ரீ" என்று காசு போடாத டிக்கெட்டைக் கிழித்துக் கொடுத்திருக்கிறார். பின்னால் எவனோ "ஓசி" என்றிருக்கிறான். அம்மா டிக்கெட்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டாள். "காசு வேணாம்னா இதுவும் வேணாம் தம்பி. தேவைப்படறவங்களுக்குக் குடுங்க." மறுநாளும் அப்படியே. இளங்கோ பிறகு நீட்டுவதை விட்டுவிட்டார்.

விமலா சொன்னாள்: "டீச்சரே வாங்கலியே, நமக்கு மட்டும் எதுக்குன்னு நாங்களும் வாங்கல." அது அந்தப் பஸ்ஸின் நாகரிகமாகிவிட்டது. புதிதாக ஏறுகிற பெண் யாராவது டிக்கெட் கேட்டால், பழையவர்கள் ஒரு மாதிரி பார்ப்பார்களாம். நெரிசலில் புகுந்து வர வேண்டியதில்லை என்று இளங்கோவுக்கும் நிம்மதி. நம்ம வண்டியில எல்லாம் கௌரவமான லேடீஸ் என்பாராம்.

நிரம்பி வழிந்த பஸ். மெஷினுக்குக் காலிப் பஸ். தங்கள் கௌரவத்தால் தங்களையே இல்லாமல் ஆக்கிக்கொண்ட பெண்கள். இதை யாராவது கற்பனையில் எழுதியிருந்தால், மிகையாக இருக்கிறது என்று ஓரத்தில் குறித்திருப்பேன். என் பிழைப்பே அதுதான். வெளிநாட்டுப் புத்தகங்களுக்கு, வீட்டில் உட்கார்ந்து, பிழை திருத்துவது.

"இப்ப என்ன செய்யலாம் சார்?" நான்.

"எழுதிக் குடுங்க. தெனமும் ஏறினோம், கண்டக்டர் டிக்கெட் குடுக்கலன்னு. விசாரிப்பாங்க. வண்டி திரும்ப வந்தாலும் வரும்."

"கண்டக்டருக்கு என்ன ஆகும்?" அம்மா.

"மெமோ. இங்கிரிமெண்ட் நிக்கும். அது எங்க பாடு, நீங்க ஏன் கவலப்படறீங்க? பழம் சாப்டுங்க."

அம்மா பழத்தை எடுத்துக்கொள்ளவில்லை. அதையும் வேண்டாம் என்றுவிட்டாள்.

ஜூன் 15, ஞாயிறு

ஆராதனை. பிரசங்கம் நீளம். கோயில் வளாகத்தில் கார்கள். முன்பு அங்கே பிள்ளைகள் ஓடுவார்கள்.

மாலையில் அக்கா, டெக்சாஸிலிருந்து, வீடியோவில். பின்னணியில் வெள்ளைச் சுவர்.

"வேலையை விட்டுட்டு இங்க வந்துடும்மா. ஆறு மாசம் இரு."

"அங்க நான் எங்கடி போவேன்?"

அக்கா சிரித்தாள். பிறகு நிறுத்திவிட்டாள். "எங்கயும் போக முடியாது. பால் வேணும்னாலும் கார். சர்ச்சுக்குக் கார். நடக்கணும்னா கார்ல ஏறி பார்க்குக்குப் போய் இறங்கி நடக்கணும்."

"பஸ்?"

"எங்க ஏரியா ஓரத்துல ஒரு கம்பம் இருக்கு. பஸ் ஸ்டாப்பாம். வெயில்ல ஒரு அம்மா நின்னுகிட்டு இருப்பாங்க. எல்லாரும் கார்லேர்ந்து அவங்களைப் பாப்போம், என்ன கஷ்டமோன்னு. நானும்தான். நான் ஹைவேல ஓட்ட பயந்துகிட்டு மாசக்கணக்கா வீட்டுலயே இருக்கேன். என்னை யாரும் பாக்கறதில்ல."

"அங்கயும் ஆள் இல்லன்னு எடுத்துட்டாங்களா?"

"எப்பவாவது ஒண்ணு வரும். நிறைய இருந்தாத்தானேம்மா எடுக்கறதுக்கு."

அத்தான் வந்தார். "ஹாய் அத்தை." அக்கா முகத்தைச் சரிசெய்துகொண்டு பிரியாணி பற்றிப் பேசினாள்.

ஜூன் 17, செவ்வாய்

பையைத் தூக்கிக்கொண்டு அம்மாவோடு தாம்பரம் வரை போனேன். பஸ் ஸ்டாண்டில், வேறொரு வண்டியின் படியில், இளங்கோ. விசில் வாயில். எங்களைப் பார்த்ததும் வாயிலிருந்து எடுத்தார்.

"கேள்விப்பட்டேன் டீச்சர். டெப்போவுக்கு வந்தீங்களாமே."

"ஆமா தம்பி."

"நீங்க வேணாம்னு சொன்னதாலதான் நான்..." தலையைச் சொறிந்துகொண்டார். "சொன்னாலும் குடுத்திருக்கணும். ரூல் அதான். என் பேர் வராம எழுத முடியுமா டீச்சர்?"

"எப்படி முடியும்? அந்த வண்டியில கண்டக்டர் நீங்க ஒருத்தர்தானே."

டிரைவர் ஹாரன் அடித்தார். இளங்கோ படியில் ஏறி, மறுபடி இறங்கி வந்தார். "பொண்ணு பிளஸ் டூ முடிச்சிட்டா டீச்சர். காலேஜ் சேக்கணும்."

சொல்லிவிட்டு, விசிலை ஊதி, ஓடிப்போய் ஏறிக்கொண்டார். கெஞ்சியிருந்தால் எனக்கு வெறுக்க வசதியாக இருந்திருக்கும். மழை நாட்களில் அம்மா வராவிட்டால், டயரைப் பார்ப்பது போல இறங்கி நின்று வண்டியைத் தாமதப்படுத்துகிறவர் இவர்தான்.

ஜூன் 18, புதன்

கடிதத்தைத் தட்டச்சு செய்துவிட்டேன். சுருக்கமாக, சுத்தமாக. கையெழுத்துக்கு இடம் விட்டு. அம்மா கண்ணாடி போட்டுக்கொண்டு படித்தாள்.

"கண்டக்டர் குடுக்கலன்னு போட்டிருக்கே."

"குடுக்கலதானே?"

"வேணாம்னு சொன்னது நான். குடுக்கலன்னு எப்படிடி கையெழுத்துப் போடறது?"

"அப்ப உன் முழங்கால்? அந்தப் பையன் பென்சில் கேட்டானே, அவன்? விமலா?"

"கத்தாதே."

கத்தினேன். உன் நேர்மை உன்னோட போகட்டும், அதுக்கு ஒரு பஸ் ஆளுங்க ஏன் நடக்கணும் என்றேன். அம்மா கண்ணாடியைக் கழற்றிவிட்டு, "சரி, நடந்ததை அப்படியே எழுது. நாங்களே வேணாம்னு சொன்னோம்னு" என்றாள்.

எழுதினேன்.

ஜூன் 19, வியாழன்

டெப்போ, நான் மட்டும். டைம்கீப்பர் படித்துவிட்டு மடித்து என்னிடமே கொடுத்தார்.

"இத எடுத்துகினு போம்மா. வேணாம்னாலும் கண்டக்டர் குடுத்திருக்கணும். அதனால அந்தாளுக்கு மெமோ கன்ஃபார்ம். வேணாம்னு சொன்னவங்களுக்கு எதுக்கு வண்டின்னு மேல கேப்பாங்க; அதனால வண்டியும் வராது."

"அப்ப பொய் எழுதினா வரும்."

"நான் அப்படிச் சொல்லல. வந்தாலும் வரும்னேன்."

வெளியே வந்தேன். மேம்பாலத்தின் கீழ் ஒரு புது விளம்பரம். கார். மலைப்பாதையில் தனியாக, ஒரே ஒரு கார். சுற்றிலும் பைன் மரங்கள். எதிரே யாரும் இல்லை. அதற்கு நேர் கீழே எல்லோரும்.

பொய்க் கடிதம் பைக்குள் இருந்தது. அம்மாவின் கையெழுத்தை எட்டாம் வகுப்பிலிருந்தே போடத் தெரியும், ரேங்க் கார்டுக்காகப் பழகியது. பேனாவையும் திறந்தேன். இளங்கோவின் வாயிலிருந்த விசில் நினைவுக்கு வந்தது. மூடிவிட்டேன். நல்லவளாக இருப்பதால் அல்ல. அம்மா கண்டுபிடித்துவிடுவாள்.

ஜூன் 20, வெள்ளி

மாலை அம்மாவிடமிருந்து போன். மெல்லிய குரல். "பயப்படாதே. பல்லாவரம் ஸ்டேஷன் படியில உக்காந்திருக்கேன். எழுந்திரிக்க வரல."

போனேன். படியின் நடுவில், கைப்பிடிக் கம்பியைப் பிடித்தபடி. மடியில் பை. கூட்டம் ஏறிக்கொண்டும் இறங்கிக்கொண்டும் இருந்தது, அவளைச் சுற்றி இரண்டாகப் பிரிந்து, மறுபடி சேர்ந்து. யாரோ ஒரு பெண் தண்ணீர் பாட்டிலை விட்டுப்போயிருந்தாள். அம்மா அழவில்லை. என்னைப் பார்த்ததும் முந்தானையை ஒழுங்குசெய்தாள்.

ஒரு போர்ட்டரும் நானும் சேர்ந்து இறக்கினோம். ஒவ்வொரு படிக்கும் "சாரிப்பா" என்றாள், அவரிடம்.

வீட்டில் ஐஸ் வைத்தேன். அண்ணன் சீக்கிரம் வந்துவிட்டான். கால்மாட்டில் உட்கார்ந்து ஐஸ் பையை மாற்றிக்கொண்டே இருந்தான்.

"விஆர்எஸ்ஸுக்கு எப்படி எழுதணும்னு பாருடி," அம்மா. "பிழையில்லாம."

பார்த்தேன். 'குடும்பச் சூழ்நிலை காரணமாக' என்று மாதிரியில் இருக்கிறது. 'உடல்நிலை காரணமாக' என்று மாற்றச் சொன்னாள். பஸ் காரணமாக என்று போட இடம் இல்லை.

ஜூன் 23, திங்கள்

மேகமூட்டம். கடிதத்தைக் கொடுக்கக் காரில். நோட்டீஸ் காலம் முடியும்வரை மெடிக்கல் லீவ். ஆக, இன்றுதான் கடைசி நாள்.

ஸ்டாப்பைத் தாண்டினோம். மூர்த்தி டீ கிளாஸோடு நின்றார். காரைப் பார்த்து வழக்கம்போல் கையை நீட்டிவிட்டு, பிறகு அம்மாவைக் கண்டுகொண்டு, அதையே டாட்டாவாக மாற்றினார்.

ஏனோ இன்று எங்கேயும் நெரிசல் இல்லை. எல்லா சிக்னலும் பச்சை. மணி அடிப்பதற்கு முன்பே பள்ளிக்கூட வாசலில். அண்ணன் முகத்தில் ஒரு பிரகாசம்: "பாத்தியாம்மா?" அம்மா அவன் கன்னத்தைத் தட்டினாள்.

பிள்ளைகள் காரைச் சூழ்ந்துகொண்டார்கள்.

"மிஸ், உங்க காரா மிஸ்?"

"என் பையனோடது."

"ஏசி இருக்கா மிஸ்?"

கொஞ்சம் தள்ளி நின்ற ஒரு பையன், மெதுவாக: "இனிமே டெய்லி கார்லதான் வருவீங்களா மிஸ்?"

அம்மா அவனை ஒரு நிமிஷம் பார்த்தாள். பேசாத பையன் அவன்தான் என்று அந்தப் பார்வையில் தெரிந்தது.

"லைன்ல போய் நில்லுங்க," என்றாள்.

ஜெபம் சொன்னாள். வெளியே கேட்டுக்கருகில் நின்று கேட்டேன். சாலைகளில் போகிற வருகிற எல்லோரையும் காத்துக்கொள்ளும், ஆமென். தினமும் சொல்வதுதான்.

அண்ணன் ஆபீசுக்குப் போக வேண்டும். என்னை இறக்கிவிடுகிறேன் என்றான். வேண்டாம் என்றேன். நடந்து ஸ்டாப்புக்குப் போனேன். நாங்கள் பெண்கள் மட்டும். ரோஸ் முகத்தோடு ஒன்று வந்தது, போனது. அடுத்ததற்கு ஒரு ஆள் தனக்காகக் கை காட்டினான், நாங்களும் ஏறிக்கொண்டோம். கண்டக்டர் என்னைத் தாண்டிப் போனார்.

"டிக்கெட்."

"லேடீஸுக்கு ஃப்ரீம்மா."

"தெரியும். குடுங்க."

"எதுக்கு, வூட்ல ஃபிரேம் போட்டு மாட்டவா?" பஸ் சிரித்தது. மெஷினைத் தட்டிக் கொடுத்தார்.

பக்கத்தில் இருந்த அம்மாளிடம், நீங்களும் வாங்குங்க, இல்லன்னா பஸ்ஸை எடுத்துடுவாங்க என்றேன். "எனக்கு எதுக்கும்மா அதெல்லாம்," என்று ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

டிக்கெட்டைப் பையில் வைத்துக்கொண்டேன். பல்லாவரத்தில் இறங்கி, ரயிலுக்குப் படி ஏறினேன்.